உட்கார வைத்து எடுத்த பிபி போதாது: சர்க்கரையும் தானியங்கி நரம்புகளும் (கேள்வி பதில்)

சர்க்கரை நோயில் கால் எரியும், மரத்துப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், இரைப்பை, சிறுநீர்ப்பை, வியர்வை ஆகியவற்றை நாம் சொல்லாமலே பார்த்துக்கொள்ளும் தானியங்கி நரம்புகளும் அதே நோயில் கெடும். இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். அரசு மருத்துவமனை சர்க்கரைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மருந்தின் அளவை மாற்றித் தரச் சொல்லாதீர்கள், ஆளைப் பார்க்காமல் அதைச் செய்ய மாட்டேன்.

கோவில்பட்டி வாசகர்: அப்பாவுக்கு 63 வயது, 17 வருஷமாக சுகர். கட்டிலை விட்டு எழுந்தால் கண் இருட்டி விழப் பார்க்கிறார். காது டாக்டர், கழுத்து எக்ஸ்ரே, தலை ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. பிபி நார்மல்தான் என்கிறார்கள். யாரிடம் போவது மேடம்?

யாரிடம் என்பது அப்புறம். அந்த நார்மல் பிபியை உட்கார வைத்துத்தானே எடுத்தார்கள்? அவருக்கு நின்றால்தானே பிரச்சினை!

வீட்டு பிபி மெஷினே போதும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிபியும் நாடித்துடிப்பும் எடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது நோய்க்குறி. பிபி இறங்கியும் நாடித்துடிப்பு கொஞ்சம்கூட ஏறவில்லை என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். நன்றாகத் துடித்து ஏறினால் உடம்பில் நீர் குறைவு, ரத்த இழப்பு போன்ற வேறு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். மெஷின் இல்லாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் படுக்கையிலும் நின்றும் எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து அவருடைய மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கால் எரிச்சலுக்கு ஒருவர் அமிட்ரிப்டிலின் எழுதியிருப்பார், புராஸ்டேட்டுக்கு இன்னொருவர் டாம்சுலோசின், பிபிக்கு மூன்றாமவர் நீர் மாத்திரை. மூன்றுமே நிற்கும்போது பிபியை இறக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் மொத்தத்தையும் ஒரே டாக்டர் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. பொது மருத்துவர் அல்லது சர்க்கரை மருத்துவர். உறுதிசெய்ய எடின்பரோவில் யூயிங் குழு 1970களில் வகுத்த சோதனைகள் இன்றும் நடப்பில் இருக்கின்றன. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வீதம் ஆழமாக இழுத்துவிடச் சொல்லி ஈசிஜியில் துடிப்பு மாறுகிறதா என்று பார்ப்பார்கள். 15 விநாடி அழுத்தமாக ஊதச் சொல்வார்கள். எழுந்து நிற்கும்போது துடிப்பு எப்படி மாறுகிறது என்றும் பார்ப்பார்கள். ஊசி, கத்தி எதுவும் கிடையாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சர்க்கரைப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ கேளுங்கள்.

அதுவரை எழுந்ததும் நடக்க வேண்டாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழட்டும். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால் எழுமுன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கலாம். வெந்நீர்க் குளியலும் வயிறு முட்டச் சாப்பிடுவதும் இதைக் கூட்டும்.

மன்னார்குடி வாசகி: வயது 48. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு அடைக்கிறது. ராத்திரி சாப்பிட்டது காலையில் அப்படியே வாந்தியாக வருகிறது. இன்சுலின் போட்டுச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சுகர் இறங்கிவிடுகிறது, நடு ராத்திரியில் 300. எண்டோஸ்கோபி நார்மல். "மனசுதான் காரணம்" என்று சொல்லிவிட்டார்கள்.

மனசு காரணமில்லை அம்மா. நீங்கள் சொல்வது இரைப்பை மந்தத்தின் அடையாளம். இன்சுலின் நேரத்துக்கு வேலை செய்கிறது, சோறு நேரத்துக்கு இறங்குவதில்லை. அதனால்தான் முதலில் தாழ்ந்து பிறகு ஏறுகிறது. எண்டோஸ்கோபி அடைப்பு இல்லை என்று மட்டுமே சொல்லும், இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று சொல்லாது. அதற்கு அணு மருத்துவப் பிரிவில் ஒரு ஸ்கேன் உண்டு. மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம் வரை பார்ப்பார்கள். அப்போதும் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் நோய் உறுதி. செமாக்ளூடைட், லிராக்ளூடைட் போன்ற ஊசி போடுகிறீர்களா? அவையும் இரைப்பையை மெதுவாக்கும், டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். இன்சுலினை எப்போது போடுவது என்பதையும் அவரோடு பேசித்தான் மாற்ற வேண்டும்.

சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். குழைந்த சாதம், ரசம், இட்லி, நன்றாக வெந்த பாசிப்பருப்பு, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் ஒத்துக்கொள்ளும். எண்ணெயைக் குறையுங்கள். கீரைத்தண்டு, முருங்கைக்காய், கம்பு, கேழ்வரகு இப்போதைக்கு வேண்டாம். வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைடு கொடுத்தால் மாதக்கணக்கில் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். 12 வாரத்துக்கு மேல் போனால் முகமும் நாக்கும் தானாக அசையும் கோளாறு வரலாம், சிலருக்கு அது போவதே இல்லை.

ஈரோடு வாசகர்: சுகர்காரருக்கு வெள்ளைச் சாதத்தைச் சிபாரிசு செய்கிறீர்களே, நியாயமா? கம்பும் வரகும் சாப்பிட்ட நம் முன்னோருக்கு நரம்புத் தளர்ச்சி வந்ததா?

எல்லோருக்கும் சொல்லவில்லை, இரைப்பை நகராதவருக்குச் சொன்னேன். நார்ச்சத்து இரைப்பையை இன்னும் தாமதப்படுத்தும். சிலருக்கு உள்ளேயே உருண்டு திரண்டு கட்டியாகிவிடும்.

ஈரோடு வாசகர் மீண்டும்: கூழாகக் காய்ச்சினால் நார் எங்கே நிற்கும்? என் மாமா சோற்றை அடியோடு விட்டு வெறும் காய்கறி, கொட்டைப் பருப்பு என்று இருந்தார். இரண்டே மாதத்தில் மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 13லிருந்து 7க்கு வந்துவிட்டது. நரம்பும் தானாகச் சரியாகும் பாருங்கள்.

காய்ச்சினால் நார் குழையும், காணாமல் போகாது. சலித்த கேழ்வரகுப் பால் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாமா கதைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பல வருஷம் உயர்ந்தே இருந்த சர்க்கரையை இரண்டு மூன்று மாதத்தில் இவ்வளவு இறக்கினால் சிலருக்கு நரம்பு கொந்தளிக்கும். உடம்பெல்லாம் எரிச்சல், நின்றால் மயக்கம், கண் விழித்திரையிலும் பாதிப்பு. உணவால் இறக்கினாலும் இன்சுலினால் இறக்கினாலும் இது வரலாம். மாமாவைக் கண் டாக்டரிடம் அனுப்புங்கள். நிற்க வைத்து பிபியும் பாருங்கள்.

கோவை, உணவியல் மாணவி: மேடம் சொல்வது சரி. ஆனால் குழைந்த சாதம் சுகரை ஏற்றுமே?

ஏற்றும். அதனால்தான் அளவைக் குறைத்து வேளையைக் கூட்டச் சொன்னேன். கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், முதல் வகை நோயாளிகள் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தபோது நரம்புச் சேதம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் கெட்டுப்போன தானியங்கி நரம்பை முழுக்க மீட்கும் தானியமும் இல்லை, மாத்திரையும் இல்லை.

ஈரோடு வாசகர் மூன்றாம் முறை: மாத்திரைக் கம்பெனிகள் பிழைக்க வேண்டுமே!

நான் எழுதியது ரசம் சாதம். அதை எந்தக் கம்பெனி விற்கிறது? இந்த வழக்கு முடிந்தது.

திண்டுக்கல் வாசகி: எழுந்தால் தலை சுற்றுகிறது. என்ன சாப்பிடலாம்?

முதல் பதில்.

கடலூர் வாசகர்: எனக்கும் தலைசுற்றல், ஆனால் பிபி 130/80 நார்மல்.

நின்று எடுத்ததா? முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கும்பகோணம் வாசகர்: தயிர்சாதம் சாப்பிட்டாலும் முகத்திலும் கழுத்திலும் வியர்வை கொட்டுகிறது. பந்தியில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது.

இதுவும் தானியங்கி நரம்பின் வேலைதான், சாப்பாட்டு வியர்வை. ஆபத்தில்லை, தாங்க முடியாவிட்டால் மருந்து உண்டு. சாப்பிடாமல் இருக்கும்போது திடீரென்று வியர்த்தால் மட்டும் உடனே சுகர் பாருங்கள். சுகர் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் ஈசிஜி எடுங்கள். இந்த நரம்பு கெட்டவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்: முன்பெல்லாம் சுகர் இறங்கினால் கை நடுங்கும். இப்போது ஒன்றும் தெரிவதில்லை. போன வாரம் மெஷினில் 48 காட்டியது, நான் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

தம்பி, வண்டியை நிறுத்துங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம். எச்சரிக்கை மணி உங்களுக்கு அடிப்பதில்லை. இன்சுலினையோ மாத்திரையையோ மாற்றி, சில வாரங்கள் ஒருமுறைகூடச் சுகர் தாழாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த நடுக்க உணர்வு திரும்பும். முதலாளியிடம் விஷயத்தைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: தாம்பத்தியத்தில் விறைப்பு இல்லை. கடையில் நீல மாத்திரை வாங்கலாமா?

கடையில் வேண்டாம். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் பிபி அதலபாதாளத்துக்குப் போகும், உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், தினமும் கேட்கப்படுகிற கேள்விதான். இதயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

விருதுநகர் வாசகர்: நரம்புக்கு பி காம்ப்ளெக்ஸ் போதுமா?

பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 குறையலாம், அளந்து பார்த்துப் போடுங்கள். குறையாத வைட்டமினை ஊற்றிப் பயனில்லை.

பாளையங்கோட்டை வாசகி: கணவருக்கு அடுத்த வாரம் குடலிறக்க ஆபரேஷன். சுகர் 20 வருஷம், எழுந்தால் தலைசுற்றலும் உண்டு. தலைசுற்றலை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

அறுவை செய்பவரிடம் மட்டுமல்ல, மயக்க மருந்து டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். மயக்கத்தில் இவர்களுக்கு பிபி திடீரென்று சரியும். இரைப்பை காலியாகாமல் இருந்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயமும் உண்டு. இரைப்பையை மெதுவாக்கும் செமாக்ளூடைட் போன்ற வாராந்திர சுகர் ஊசி போடுகிறவர் என்றால் கடைசியாகப் போட்ட தேதியையும் எழுதிக் கொடுங்கள்.