2020க்குப் பின் முதல் பூசை: நேரே நற்கருணை வாங்கலாமா?

கொரோனாக் காலத்தில் ஞாயிறு பூசையை (கத்தோலிக்கத் திருப்பலியை) விட்டு, இப்போது திரும்ப வர விரும்பும், இலங்கை மலையகத் தோட்டத்தில் வாழும் கத்தோலிக்கரா நீங்கள்? வரும் ஞாயிறே பூசைக்குப் போகலாம். ஆனால் கொரோனாத் தடைகள் நீங்கிய பின்னரும் தக்க காரணமின்றி ஞாயிறு பூசையைத் தவிர்த்ததாக உங்கள் மனச்சாட்சி சொல்லுமானால், பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்த பின்பே நற்கருணை (பூசையில் கிறிஸ்துவின் உடலாகப் பெறும் அப்பம்) வாங்குவது முறை. நோயாளியைப் பராமரித்ததால் வர இயலாமற்போன நாட்கள் பாவக் கணக்கில் சேரா.

உங்களைத் தடுப்பது பெரும்பாலும் கூச்சம்தான் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். ஆகவே ஹற்றன் போன்ற நகரத்துக் கோயிலில், உங்களை அறியாத குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதற்குத் தடையேதும் இல்லை. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபம் மறந்திருந்தால் அவரே சொல்லித்தருவார்.

புறப்படுமுன் தமிழ்ப் பூசை நேரத்தை விசாரியுங்கள், தோட்டக் கோயில்கள் பலவற்றில் வாரந்தோறும் பூசை இருப்பதில்லை.

இந்த இடைவெளியில் கோயிலுக்கு வெளியே பதிவுத் திருமணம் மட்டும் செய்திருந்தால், முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.