ஒரே தீவு, இரண்டு ஊர் மாதிரி!

கேள்வி: நியூசிலாந்தின் தென் தீவில் மேற்கே அடைமழையும் பாசி படர்ந்த காடும். மலையைத் தாண்டினால் காய்ந்த புல்தரை. எப்படி இப்படி?

பதில்: எல்லாம் நடுவில் நிற்கிற தெற்கு ஆல்ப்ஸ் மலையின் வேலைதான். பூமியின் மேலோடு பல பெரிய பாறைத் தட்டுகளால் ஆனது; அவற்றில் பசிபிக் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் அங்கே முட்டிக்கொள்வதால் அந்த மலை இன்னும் உயர்ந்துகொண்டே இருக்கிறது, சில இடங்களில் ஆண்டுக்கு 10 மில்லிமீட்டர் வரை. அப்படியானால் இந்நேரம் எவரெஸ்ட்டைத் தாண்டியிருக்க வேண்டுமே என்கிறீர்களா? சரிதான், ஆனால் மழையும் பனியாறும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் அரித்துத் தள்ளிவிடுகின்றன. 1991 டிசம்பரில் ஒரு நள்ளிரவில் அந்த மலையிலேயே உயரமான குக் சிகரத்தின் உச்சிப்பாறையே சரிந்து, சுமார் 10 மீட்டர் உயரம் போய்விட்டது!

அப்புறம் மழை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போதே கொட்டித் தீர்த்துவிடும். மேற்குக் கரையில் உள்ள மில்ஃபோர்டு சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல். அங்கிருந்து நேர்கோட்டில் 150 கிலோமீட்டர்கூட இல்லாத, மலைக்குக் கிழக்கே உள்ள அலெக்சாண்ட்ரா ஊரில் 400-க்கும் குறைவு. கேரளத்தில் கொட்டும்போது நம் பக்கம் வெறும் காற்று மட்டும் வருமே, அதே கதை. கிழக்கே உள்ள கேன்டர்பரி சமவெளி? அந்த மலையிலிருந்து ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கூழாங்கல்தான்.