பீக் இறங்கினால் இன்டர்கலேஷனா? வாசகர் கேள்வி-பதில்

டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தோடு டிஎன்ஏ சேர்த்ததும் வோல்டாமெட்ரியில் (மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே கரண்டை அளக்கும் முறை) மருந்தின் கரண்ட் பீக் பாதியாகிவிட்டது. இன்டர்கலேஷன், அதாவது மருந்து டிஎன்ஏவின் கார இணைகளுக்கு நடுவே செருகிக்கொண்டது என்று எழுதலாமா?

எழுதலாம், ரெவ்யூவர் தூங்கிக்கொண்டிருந்தால். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான். மருந்து டிஎன்ஏவோடு சேர்ந்து மெதுவாக நகர்ந்தாலும் பீக் இறங்கும். நீங்கள் ஊற்றிய டிஎன்ஏ கரைசலால் மருந்து நீர்த்துப்போனாலும் இறங்கும். கார்பன் மின்முனை மேல் டிஎன்ஏ படிந்தாலும் இறங்கும். டிஎன்ஏவுக்குப் பதில் அதே அளவு வெறும் பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) ஊற்றிப் பார்த்தீர்களா? கடிதத்தில் காணோம்.

சரி, பிணைப்பு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எந்த வகைப் பிணைப்பு என்பதைக் கரண்ட் சொல்லாது. பீக் வரும் பொட்டென்ஷியல் நேர்ப்பக்கம் நகர்ந்தால் செருகல், எதிர்ப்பக்கம் போனால் மின்கவர்ச்சி என்று 1980களின் கடைசியில் மின்வேதியியலாளர் ஆலன் பார்டின் குழு கோபால்ட் கூட்டுப்பொருள்களை வைத்துக் காட்டியது. அதை அப்படியே இங்கே ஒட்டவைக்காதீர்கள். டாக்ஸோரூபிசினில் எலக்ட்ரான் வாங்கும் பகுதியான குயினோன் கூடவே புரோட்டானையும் வாங்கும். பிஎச் ஒன்று கூடினாலே 60 மில்லிவோல்ட் போல எதிர்ப்பக்கம் நகரும். டிஎன்ஏ சேர்த்த பிறகு பிஎச் அளங்கள். அப்புறம் விஸ்கோமீட்டரைத் தூசி தட்டுங்கள்: உள்ளே செருகினால் டிஎன்ஏ நீளும், பாகுத்தன்மை ஏறும். இவ்வளவும் ஒத்துவந்தால் எழுதுங்கள்.

அசிடேட் பஃபரில் டிஎன்ஏவுக்கு 1 வோல்ட்டில் ஒரு பீக், 1.25-இல் ஒன்று. எது எது?

முதலாவது குவானின், அடுத்தது அடினின்; இரண்டும் டிஎன்ஏவின் காரங்கள். எந்த ரெஃபரன்ஸ் மின்முனையோடு ஒப்பிட்டு அளந்தீர்கள் என்று எழுதாமல் வோல்ட் மட்டும் எழுதுகிறீர்கள். வெள்ளி-வெள்ளிக் குளோரைடு என்று ஊகித்துச் சொல்கிறேன்.

டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த சிஸ்பிளாட்டின் (பிளாட்டினம் உள்ள புற்றுநோய் மருந்து), 0.1 மோலார் உப்புப் பஃபர், டிஎன்ஏவோடு ஐந்து நிமிடம். குவானின் பீக் அசையவில்லை.

எப்படி அசையும்? குளோரைடு கழன்று தண்ணீர் ஏறினால்தான் பிளாட்டினம் குவானினின் ஏழாம் நைட்ரஜனைப் பிடிக்கும். 37 டிகிரியிலும் அதற்கு மணிக்கணக்காகும். நீங்களோ உப்பைக் கொட்டி அதைக் கழலவிடாமல் செய்துவிட்டீர்கள். போதாததற்கு டிஎம்எஸ்ஓ வேறு. அதுவே பிளாட்டினத்தில் போய் உட்கார்ந்து மருந்தைக் கெடுத்துவிடும். தண்ணீரில் கரைத்து, குளோரைடு இல்லாத பஃபரில் ஒரு நாள் வையுங்கள். பக்கத்தில் மருந்தில்லாத டிஎன்ஏவும் அதே ஒரு நாள் இருக்கட்டும்.

டிஎன்ஏ செறிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

260 நானோமீட்டர் உறிஞ்சலை 6600-ஆல் வகுங்கள். வருவது நியூக்ளியோடைடு கணக்கு, மோலாரில். கார இணைக் கணக்கென்றால் அதில் பாதி. 260, 280 நானோமீட்டர் உறிஞ்சல்களின் விகிதம் 1.8-க்குக் கீழே போனால் புரதம் கலந்திருக்கிறது.

கரைசலில் உள்ள ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் விடணுமா?

குவானினுக்கு வேண்டாம். டாக்ஸோரூபிசினை −0.6 வோல்ட் பக்கம் பார்ப்பதென்றால் கட்டாயம்; பத்து நிமிடமாவது விடுங்கள். பஃபர் மட்டும் உள்ள பிளாங்க் ஸ்கேனையும் அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள்.