மாதக் கணக்கில் வராத 9,000 ரூபாய்

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் வசிக்கிறோம். கணவருக்கு ஹார்டுவேர் கடையில் 26,000 ரூபாய் சம்பளம். நான் வீட்டிலேயே துணி தைத்து 8,000 வரை சம்பாதிக்கிறேன். மகள் ஒன்பதாவதும் மகன் ஐந்தாவதும் படிக்கிறார்கள். வாடகை 6,500, மளிகை, பால், காய்கறி எல்லாம் சேர்த்து 9,000, கேஸும் கரண்டும் 1,300, பெட்ரோல், போன் 2,700, ஸ்கூல் வேன் 1,600, மாமியாரின் மாத்திரை 1,500, பைக் தவணை 2,900 (இன்னும் ஏழு மாதம்), தபால் ஆபீஸ் ஆர்.டி. 1,000. ஆக மொத்தம் 26,500. கணக்குப்படி 7,500 மிஞ்ச வேண்டும். ஆனால் இருபதாம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இருப்பதில்லை. முட்டை வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டேன். கிரெடிட் கார்டில் 38,000 பாக்கி. 1,20,000 ரூபாய் நகைக்கடனுக்கு வருடா வருடம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். எனக்குச் சிக்கனம் தெரியவில்லை என்கிறார் கணவர். இன்னும் எதைக் குறைப்பது?

பதில்: முதலில் முட்டையை மறுபடி வாங்குங்கள். வளரும் பிள்ளைகள் இருக்கும் வீடு. மாதம் 400 ரூபாய் அளவில் வரும் இந்தச் செலவு உங்களைக் கடனில் தள்ளவில்லை. வயதான ஒருவரையும் சேர்த்து ஐந்து பேர் சாப்பிடும் சமையலறையை 9,000 ரூபாயில் நடத்துகிறவருக்குச் சிக்கனம் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பதிலை உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கடிதத்தின் பின்பக்கத்தில் "எப்போதாவது வரும் செலவுகள்" என்று ஒரு பட்டியல் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 46,000. தீபாவளி, பொங்கல் 20,000. மொய் 18,000. எல்.ஐ.சி. பிரீமியம் 8,000. பைக் இன்சூரன்ஸும் சர்வீஸும் 4,000. நகைக்கடன் வட்டி 12,000. இதில் எது எப்போதாவது வருகிறது? ஜூனில் பள்ளி திறப்பதும் ஐப்பசியில் தீபாவளி வருவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கூட்டினால் வருடத்துக்கு 1,08,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,000. உங்களிடம் மிஞ்சுவதோ 7,500. மாதாமாதம் 1,500 ரூபாய் பள்ளம் விழுகிறது. அதைக் கார்டு போட்டு நிரப்பியிருக்கிறீர்கள்.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால், 38,000-க்கு 1,330 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து கிட்டத்தட்ட 1,570. 'மினிமம் டியூ' என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் அபராதம்தான் வராது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு. ஒரு பக்கம் வருடத்துக்கு 42 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் ஏழு சதவீதத்துக்கும் குறைவான வட்டிக்கு ஆர்.டி. போடுகிறீர்கள்.

மகள் பெயரை நினைத்துப் போட்ட பணம், அதைத் தொட மனம் வராது என்பது புரிகிறது. ஆனாலும் எடுங்கள். ஆர்.டி. தொடங்கி 38 மாதம் ஆகிறது என்கிறீர்கள். மூன்று வருடம் முடிந்தால் ஐந்து வருட ஆர்.டி.யை முன்கூட்டியே முடிக்கலாம். சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் தருவார்கள். எப்படியும் 40,000-க்குக் கொஞ்சம் மேல் கையில் வரும். கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைத்துவிட்டு, கார்டையும் முடித்துவிடுங்கள். பாஸ்புக்கைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும்தான். ஆனால் வட்டி 1,570 நிற்கும், ஆர்.டி. 1,000 மிச்சமாகும், பள்ளம் 500 ரூபாயாகச் சுருங்கும்.

அடுத்து, தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அதற்கு ஏ.டி.எம். கார்டு வேண்டாம், போனில் யு.பி.ஐ. இணைப்பும் வேண்டாம். சம்பளம் வந்த அன்றே 8,500 அதில் போய்விட வேண்டும். வருடச் செலவு எல்லாம் இதிலிருந்து மட்டும். முதல் வருடம் இழுபறியாகத்தான் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆகஸ்டில் தொடங்கினால் அக்டோபருக்குள் 25,500 தான் சேரும். இரண்டாம் தவணைப் பள்ளிக் கட்டணம் 23,000, தீபாவளிக்கு 12,000 என்று வந்தால் போதாது. பள்ளியில் இப்போதே போய்ப் பேசி, கட்டணத்தை இரண்டாகப் பிரித்துக் கட்ட அவகாசம் கேளுங்கள். கடைசி நாளில் கேட்பதைவிட முன்னதாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தீபாவளி போனஸ் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. வந்தால் ஜவுளிக்கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்குக்கு வரட்டும்.

மொய் விஷயத்துக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் மொய் என்பது அன்பளிப்பு மட்டும் இல்லை, வட்டியில்லாக் கடன். மொய் நோட்டை எடுத்து உட்காருங்கள். நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது ஒரு பக்கம், புதிதாகச் செய்வது ஒரு பக்கம். முதலாவதைக் குறைக்கக் கூடாது, அது கடன். வாங்கியதோடு கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும், ஊர் பார்க்கிறதே என்று இரட்டிப்பாக்க வேண்டாம். இரண்டாவதில் நெருங்கிய சொந்தத்தைத் தவிர மற்ற இடங்களில் கை அடங்கட்டும். மாதம் 500 ரூபாய் பள்ளம் இதிலேயே அடைபட்டுவிடும். கடனை அடைக்க, ஊரைக் கூப்பிட்டு விருந்து போட்டு மொய் வாங்கும் மொய் விருந்தை ஆடியில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பெரிய தொகையாகக் கைக்கு வரும். திரும்பும்போது பத்து வீட்டு விசேஷமாக, உங்களுக்கு வசதியில்லாத மாதங்களில் போகும். மகள் மேல்படிப்புக்குப் போகும் வருடங்களில் அந்தச் சுமை வேண்டாம்.

ரேஷனில் வாங்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். உங்கள் உரிமை அது, வாங்குங்கள்.

ஏழு மாதம் கழித்துப் பைக் தவணை முடிந்ததும் 2,900 விடுபடும். அதில் 500 மகள் பெயருக்குத் திரும்பட்டும். மீதி 2,400 நகைக்கடனின் அசலுக்கு. அடுத்த முறை திருப்பி வைக்கும்போது எல்லா நகையையும் ஒரே கடனாக வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். பிரித்தால் சிறிய கடனை முதலில் முடித்து ஒரு வளையலையாவது வீட்டுக்குக் கொண்டுவரலாம். வருடத்துக்கு 28,800 அசலில் குறைந்தால் வட்டியிலும் 2,880 குறையும். அதையும் அசலிலேயே போடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆர்.டி. பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து தபால் ஆபீசுக்குப் போய்வாருங்கள்.