போதகர் பதில்கள்: விடுபட்ட மூன்றாவது வாக்கியம்

(ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கும் பகுதி)

கேள்வி: அப்பா இறந்தபின், அண்ணனுக்குச் சேர வேண்டிய பங்கைப் பொய்க்கணக்குக் காட்டி நான் எடுத்துக்கொண்டேன். பதினோரு வருடம் ஆகிறது. ஆராதனையில் பாவிகளை ஆண்டவர் அழைக்கிறார் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கால் எழுவதில்லை. முதலில் என்னைச் சரிசெய்துகொண்டு, பிறகு அவரிடம் போகலாம் என்றிருக்கிறேன். சரிதானே ஐயா?

பதில்: சரியில்லை, தம்பி. மரியாதையான எண்ணம்தான். ஆனால் அழுக்குப் போனபிறகு குளத்தில் இறங்குகிறேன் என்பதுபோல் இருக்கிறது.

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையின் இளைய மகன் நினைவிருக்கிறதா? சொத்தை அழித்துவிட்டு, பன்றி மேய்க்கும் இடத்தில் பசியோடு இருந்தபோது, அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறான். பாவம் செய்தேன், உம் மகன் என்று சொல்லத் தகுதியில்லை, ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’. இந்த மூன்றாவது வாக்கியம் நீங்கள் எழுதியதேதான். உழைத்துக் கடனைக் கழித்துவிட்டு நிமிர்ந்து நிற்கலாம் என்ற கணக்கு.

இந்தப் பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒருநாள் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் வாசித்த சிறுமி ஒருத்தி, “ஐயா, அவன் கடைசி வரியை மறந்துவிட்டான்” என்றாள். 21-ஆம் வசனத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டையும் சொல்கிறான், மூன்றாவது இல்லை. தூரத்திலேயே பார்த்து ஓடிவந்து கட்டிக்கொண்ட தகப்பன், அதற்குள் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரரை ஏவத் தொடங்கிவிட்டார். கூலிக்காரன் என்ற பேச்சுக்கே அவர் இடம் வைக்கவில்லை. நாற்பது வயதுவரை அது என் கண்ணில் படவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நம் மொழியில் இதற்கு அமைந்த சொல்லையும் பாருங்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ‘மெட்டநோயா’ மனம் மாறுவதைச் சொல்கிறது. எபிரெயத் தீர்க்கதரிசிகளின் ‘ஷூவ்’ திரும்பி வருவதைச் சொல்கிறது. ‘மனந்திரும்புதல்’ என்ற ஒரே சொல்லில் தமிழ் இரண்டையும் வைத்திருக்கிறது. திருந்தி முடித்தபிறகு வருவது என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். அண்ணன் இருக்கிறாரே! மரத்தில் ஏறி நின்ற வரிவசூல்காரன் சகேயுவிடம் இயேசு முதலில் சொன்னது, ‘இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்பதுதான். கணக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வந்ததும் சகேயு தானே கணக்கைத் திறக்கிறான்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப. உங்கள் விஷயத்திலும் இந்த வரிசைதான்.

என் கதை ஒன்று. பத்தொன்பது வயதில் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பணம் எடுத்தேன். அடி வாங்கியவன் என் தம்பி. நான் வாயைத் திறக்கவில்லை. போதகரான பிறகு, மன்னிப்பைப் பற்றி ஊரெல்லாம் பேசிவிட்டு, ஒருநாள் அவனிடம் போனேன். சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கறுப்பு மசகு. சொன்னேன். நிமிராமலே, “அன்றைக்கே தெரியும் அண்ணா” என்றான். பிறகு, “அந்தத் திருப்புளியை எடு” என்றான். அவ்வளவுதான். நான் தயார் செய்து வைத்திருந்த பெரிய பேச்சு அப்படியே தொண்டையில் நின்றது.

உங்கள் அண்ணன் அப்படி இருப்பார் என்று நான் வாக்குத்தர முடியாது. கதவைச் சாத்தவும் கூடும். கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லி அவரையும் மன்னிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். உண்மையான கணக்கோடு போங்கள். அவருடைய பங்கோடு போங்கள்.

கேள்வி: மனந்திரும்பிய பிறகும் அதே பாவத்தில் விழுகிறேன். அப்படியானால் என் மனந்திரும்புதல் பொய்யா?

பதில்: ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதிய ஆங்கிலேயர் ஜான் நியூட்டன் 1748-இல் கடற்புயலில் சிக்கிக் கடவுளைக் கூப்பிட்டார், மனந்திரும்பினார். அதன்பிறகும் 1754 வரை கப்பலில் அடிமைகளை ஏற்றிப்போனார், தலைவராகவே! அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் துண்டுநூல் எழுதியது 1788-இல். நாற்பது வருடம். இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வருடங்களில் கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவரே தம் அறிக்கை காலம் கடந்து வந்தது என்று எழுதினார். பொய்யா என்றால், பொய் இல்லை. முடிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் திரும்புங்கள்.

கேள்வி: சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நேரத்தில் மீட்கப்பட்டானே. நானும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: ‘நினைத்தருளும்’ என்று கேட்டவன் ஒருவன்தான். இயேசுவின் மறுபக்கத்தில் தொங்கிய இன்னொரு கள்ளனுக்கும் அதே கடைசி நேரம் இருந்தது. அவன் அதில் நிந்தித்துக்கொண்டிருந்தான்.