அரசுக் கட்டுமானத்தில் திட்ட மேலாண்மையின் செயல்திறனை எதைக் கொண்டு அளப்பது?

ஒப்பந்ததாரர் எத்தனை மாதத்தில் முடித்தார் என்பதை மட்டும் வைத்துச் செயல்திறனை அளக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது போதாது, ஏனெனில் அரசுப் பணிகளில் தாமதத்தின் பெரும்பகுதி பணியாணைக்கு, அதாவது வேலையைத் தொடங்கச் சொல்லி ஒப்பந்ததாரருக்குத் தரும் உத்தரவுக்கு, முன்பே விதைக்கப்பட்டுவிடுகிறது. சென்னையில் வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பணி 2008-இல் தொடங்கியது. பெரும்பகுதிப் பாலம் எழும்பி நின்ற பிறகும், ஆதம்பாக்கம் பகுதியில் ஏறத்தாழ 500 மீட்டருக்கான நிலம் வழக்கில் சிக்கியதால் ஆண்டுக்கணக்கில் முடங்கி, 495 கோடி ரூபாய் மதிப்பீடு 734 கோடியாக உயர்ந்தது. தூண்களை எழுப்பிய பொறியாளர்களைக் குறைசொல்வதில் பொருளில்லை. நிலம் முழுவதும் கைக்கு வருமுன் பணியைத் தொடங்கிய முடிவே கேள்விக்குரியது.

அடுத்தது பணப்பட்டுவாடா. முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் உதவிப் பொறியாளர் பதிந்த அளவுகளை மேலதிகாரி சரிபார்த்த பின்னரே ஒப்பந்ததாரரின் பட்டியல் (பில்) தொகை நகரும். அது தேங்கினால் களத்தில் முதலில் குறைவது கம்பி கட்டும் ஆட்கள்தான்.

ஆகவே, பணியாணை நாளில் வில்லங்கமின்றி ஒப்படைக்கப்பட்ட நிலம் எவ்வளவு, பட்டியல் தந்து எத்தனை நாளில் பணம் வந்தது என்பவற்றையே நான் முதலில் பார்ப்பேன். ‘மதிப்பீட்டுக்குள் முடிந்தது’ என்ற சான்றை (திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டும் அப்படிச் சொல்வதுண்டு) அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.