பதில்: பென்னாகரம் பக்கத்து முனியப்பன் சிலை புத்தரா, சமண தீர்த்தங்கரரா?

வணக்கம் தம்பி. காது நீளம், சுருள்முடி, மடியில் கை இந்த மூன்றையும் வைத்துத்தான் "புத்தர்" என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நெறியாளர் மறுத்தது சரிதான். சமணர் வணங்கும் தீர்த்தங்கரருக்கும் இவை மூன்றும் உண்டு.

முதலில் தேட வேண்டியது சீவர ஆடை, அதாவது புத்தர் உடலில் போர்த்தியிருக்கும் துறவாடை. இடத்தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஒரு விளிம்புக்கோடு இறங்கும். கணுக்கால் அருகிலும் துணி விளிம்பு தெரியும். எண்ணெய்ப் பிசுக்கில் பகல் வெளிச்சத்தில் இது மறைந்துவிடும். இருட்டியபின் டார்ச்சைக் கல்லுக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், இடம் வலம் இரண்டிலும். அளவுகோல் படத்தில் இருக்கட்டும். உச்சியில் முடிப்பு (உஷ்ணீஷம்) இருக்கிறதா என்று பின்புறமும் பாருங்கள். ஆடையே இல்லாமல் தலைக்குமேல் முக்குடை (மூன்றடுக்குக் குடை) இருந்தால் பேச்சே வேண்டாம், சமணம்தான். தகடூரில் (இன்றைய தருமபுரி) சமணப் பள்ளி இருந்ததை நுளம்ப அரசர் காலக் கல்வெட்டே சொல்வதால் அந்த வாய்ப்பை ஒதுக்க முடியாது.

கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணக்கட்டி எதுவும் வேண்டாம். தேய்த்தால் நீங்கள் தேடும் கோடுதான் முதலில் போகும். பூசாரியிடம் கேட்காமல் சந்தனக் காப்பையும் தொடாதீர்கள்.

சேலம் தலைவெட்டி முனியப்பன் வழக்கைப் படியுங்கள். தொல்லியல் துறை நேரில் ஆய்ந்து அறிக்கை தந்த பிறகே 2022-இல் உயர் நீதிமன்றம் அந்தச் சிலையைப் புத்தர் என்றது. உங்களிடம் ஆடைக்கோடு தெளியாவிட்டால் "அமர்ந்த தியானச் சிற்பம், சமயம் உறுதியாகவில்லை" என்றே எழுதுங்கள். அது தோல்வி இல்லை.